கை நின்ற பாட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து பேர் நான் பெற்றவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், அம்மா தவறியதும் மூன்று வயதில் என் இடுப்பில் ஏறிக்கொண்டவர்தான் தம்பி. எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி பிறந்தது திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் அருப்புக்கோட்டையில் கூலி. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, அங்கே ஒரு கமிஷன் கடையில் சாக்கு தைக்கப் போனார். தைத்துக்கொண்டே பாட்டுக் கட்டினார்.

அவர் பாட்டுக்குப் பரீட்சை வைத்தது நாங்கள். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ள அந்தக் கடையில் இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். தம்பி நடுவில் நின்று புதுப்பாட்டைப் பாடுவார். எங்கள் கை ஓடிக்கொண்டே இருந்தால் பாட்டு தேறியது, கேசட்டில் ஏறும். கை நின்றால் தள்ளுபடி. வேலை செய்கிறவர்களுக்குத்தான் பாட்டு, வேலையைக் கெடுப்பதற்கு இல்லை என்பார்.

ஒருநாள் காதல் பாட்டு ஒன்று பாடினார். முத்தம்மா மதினி கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன மதினி, சொக்கிப் போயிட்டீகளா?"

"கொட்டாவி வருது கொழுந்தனாரே. வாயப் பொத்த ஒரு கை வேணும்ல."

அந்தப் பாட்டு அன்றோடு போயிற்று.

முதல் கேசட் மதுரையில் பதிவானது. மேடை, மாலை ஒன்றும் கிடையாது. கமிஷன் கடையில் டேப்பில் போட்டோம், அதுதான் வெளியீடு. அன்று மத்தியானமே வத்தல் தீர்ந்துபோய், முதலாளியிடம் இன்னொரு மூட்டை கேட்டோம். அப்புறம் பாளையம்பட்டிக் கடைகளில் கேட்டது, வீரசோழன் கல்யாண வீடுகளில் கேட்டது. கேசட் நான்கு, சிடி இரண்டு. பஸ்ஸில் பாட்டு ஓடினால், பக்கத்தில் இருப்பவரிடம் "இது எந்தம்பி பாட்டு" என்று சொல்லாமல் நான் இறங்கியதில்லை. சொல்லிக்கொண்டே ஊரைத் தாண்டிப் போனதுண்டு.

கடைசித் தொகுப்புக்கு ஒன்பது பாட்டுகள். எட்டு தேறின. ஒன்பதாவது என்னைப் பற்றியது. சிறுபிள்ளையில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகும்போது அவரையும் தூக்கிப் போவேன். அழுவார். பழம் எடுத்த கையால் கண்ணைத் துடைக்க முடியுமா? முழங்கையால் துடைத்துவிடுவேன். அது அவருக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. காந்தாத இடம் பார்த்துக் கண் துடைத்த முழங்கை என்று பாடினார். என் கை நின்றுவிட்டது. சட்டென்று கண்ணைத் துடைத்தேன், வத்தல் கையாலேயே! ஐயோ என்று தொட்டிக்கு ஓடினேன். கடையே சிரித்தது.

"அக்கா, அழுதியா?"

"அழுகையாவது! வத்தக் காந்தல்டா. பாட்டு தேறல, எங்கை நின்னு போச்சு. எடுத்துரு."

எடுத்துவிட்டார். எட்டுப் பாட்டுகளோடுதான் வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சிரித்துக்கொண்டே கேட்டார், "இப்பவாவது சொல்லுக்கா, காந்தலா, அழுகையா?" காந்தல்தான் என்றேன்.

தம்பி பாடிப் பதிந்து வைத்த அந்தப் பாட்டு அவர் மகன் செல்போனில் இருக்கிறது. முதலாண்டு நினைவு நாளில் போட ஆசைப்படுகிறான். "நீங்க சரின்னாத்தான் அத்தை" என்கிறான்.

இப்போது சொல்கிறேன். கண்ணில் காந்தல் பட்டது கை நின்ற பிறகுதான். அது அழுகைதான், தம்பி. அன்றைக்கு மற்றவர்கள் கை நிற்கவே இல்லை, நான் பார்த்தேன். இருபது பேரில் பத்தொன்பது பேரிடம் தேறிய பாட்டு அது. போடட்டும், சத்தமாகவே போடட்டும்.

தம்பிக்குப் பரீட்சை வைத்த பெண்களுக்கும், கல்யாண வீட்டில் பாட்டைப் போட்டவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், அவரைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

எழுதினது போதும் தாயி. அந்த வத்தச் சொளகை இங்கிட்டுத் தள்ளு. இப்ப மொதல்லருந்து வாசி, நான் காம்பு கிள்ளிக்கிட்டே கேக்குறேன். எங்கை நிக்குதான்னு பாத்துச் சொல்லு.