கொழுந்து பறிக்கக் கூப்பிட்ட பெண்

என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டு மேடம் பத்து நிமிடம் போனைக் கையில் கொடுப்பார். வாரத்துக்கு எங்களுக்கு அந்தப் பத்து நிமிடம்தான். சோற்றை வடித்து வைத்துவிட்டு, அவள் வாங்கித் தந்த பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு முன்னதாகவே எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் போன் அடித்தது. எடுத்தால் கொழும்பிலிருந்து ஒரு பெண்.

"வணக்கம் மேடம். உங்க நம்பருக்கு ஒரு விசேஷ சலுகை கிடைச்சிருக்கு. ரெண்டு நாள் மலைநாட்டு விடுமுறை. பனிமூட்டம், பச்சைப் பசேல்னு தேயிலைத் தோட்டம். நீங்களே கூடை மாட்டிக்கிட்டு கொழுந்து பறிக்கலாம். போட்டோவும் எடுத்துத் தருவாங்க மேடம்."

நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். "ம்" என்றேன். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வெட்கம். பேசிக்கொண்டிருக்கிறவரை நிறுத்தச் சொல்வது அதைவிட வெட்கம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அந்தப் பெண்ணும் அதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பேச்சிலேயே ஹோட்டல் நீச்சல் குளத்துக்குப் போனாள், காலைச் சாப்பாட்டுக்கு வந்தாள், மறுபடி குளத்துக்குப் போனாள். நான் 'ம்' போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனில் சார்ஜ் இறங்கி அதுவாக அணைந்தது. அப்போது மணி இரண்டேகால்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே பெண். இம்முறை சும்மா இருக்க மனம் வராமல் நான் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன்.

"நீங்க எந்தத் தோட்டம் புள்ள?"

"நான் கொழும்பு மேடம்."

"அது வேலைக்கு. பொறந்தது?"

அவள் குரலே மாறிப்போனது. "றொசல்ல பக்கம்ங்க. அப்பா தேயிலை பெக்டரியில இருந்தாரு."

அந்தப் பெக்டரியில் என் சின்னம்மா மகனும் வேலை செய்தவன். விசாரித்துக்கொண்டே போனதில், அவள் அப்பா எனக்குத் தம்பி முறை என்று தெரிந்தது. மேடம் போய் அத்தை ஆனேன். சொந்தக்காரப் பிள்ளையிடம் எப்படிப் போனை வைப்பது? நல்ல வேளை, மழை கொட்டி சிக்னல் போனது. இரண்டு மணியும் போய்விட்டது.

என் லைன் கிடைக்காததால் மகள் கடைசி நிமிடத்தில் பக்கத்துக் காம்பிராக்காரிக்கு அடித்திருக்கிறாள். அவள் அப்போது ஹட்டன் கடைத்தெருவில். சாயந்தரம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அடுத்த கிழமையும் லைன் கெடைக்கலன்னா, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு வேலைய விட்டுட்டு வந்துருவாளாம். யாரோடக்கா அப்புடி பேசுறீங்க?"

சொன்னேன். வாயில் இருந்த வெற்றிலை சிந்துகிற மாதிரி சிரித்தாள். "காசு குடுத்து கொழுந்து பறிக்கவா? அட்டைக்கடி தனியா, இல்ல அதுவும் சலுகையில சேர்த்தியா?"

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வேலையை விட்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

மூன்றாவது வெள்ளிக்கிழமை துணைக்குப் பக்கத்துக் காம்பிராக்காரியையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டேன். சொல்லிவைத்த மாதிரி போன் அடித்தது.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தாயி. எனக்கு விடுமுறை வேணாம். இப்ப என் மக குவைத்துல இருந்து எடுக்குற நேரம். நீ வச்சுரு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க மொதல்ல வைக்கக் கூடாது அத்தை. வேலை போயிரும். நீங்க வைங்க."

"நான் எப்புடி வைக்கிறது? சரி, போயிட்டு வாறேன்."

"போயிட்டு வாங்க அத்தை."

இருவரும் வைக்கவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது, என் மூச்சு அவளுக்கு.

"இருக்கியா புள்ள?"

"இருக்கேன் அத்தை."

மணி இரண்டைத் தாண்டி இரண்டு நிமிடம். பக்கத்தில் இருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "செவப்பு பட்டன்க்கா. அமுக்குங்க. அவ ஒன்னும் செத்துற மாட்டா."

"புள்ள, கோவிச்சுக்காத. கதவப் பூட்டல, லேசா சாத்துறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

கண்ணைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"யாரோடம்மா இவ்வளவு நேரம்?" என்று மகள் தொடங்கினாள். எட்டு நிமிடத்தில் ஐந்து நிமிடம் ஏச்சுதான். எனக்குத் தேன் மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு தடவை தும்மினாள்.

"சளியா?"

"ஏசியில படுத்தும்மா."

"அவ்வளவு வெயிலடிக்கிற ஊர்ல போயி சளி புடிச்சிருக்க. நான் இந்தப் பனியில கல்லாட்டம் இருக்கேன். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வச்சுக் குடி."

"சரிம்மா."

"மேடத்துக்கும் ஒரு டம்ளர் குடு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நேரம் முடிந்து லைன் அறுந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.