சீனாவில் ஒரு பகலும் ஒரு பழைய வேட்டியும்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் நின்று கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வாரப் புத்தகத்துல பத்தி எழுதுற மேடம் தானே? போட்டோவுல இன்னும் கொஞ்சம் சின்னவங்களா இருக்கீங்க.”

பழைய போட்டோ. என்ன செய்ய? சிரித்து வைத்தேன்.

அவருக்கு ஊர் நைனார்பாளையம். தம்பி மகள் மேல்படிப்புக்குக் கனடா போகிறாளாம். டிக்கெட் கம்மியாகக் கிடைத்தது என்று சீனா வழியாகப் போட்டிருக்கிறார்கள்.

“ஒரு பகல் பூரா அந்த ஏர்போர்ட்டுல கெடக்கணுமாம் மேடம். நீங்களும் அந்த வழியாத்தான் போனீங்கன்னு சொன்னாங்க. பொண்ணு தனியா இன்னா பண்ணும்? சும்மா ஒக்காந்துக்கினு இருக்குமா?”

ஆலோசனை கேட்டால் விடுவேனா? கடைக்காரர் மாத்திரையை எடுத்து வருவதற்குள் ஒரு வகுப்பே எடுத்து விட்டேன். ஒரு நாளுக்குள் அடுத்த விமானம் என்றால் விசா இல்லாமலே ஊருக்குள் போய் வரலாம், அதற்குத் தனி கவுன்டர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒரு சீட்டு ஒட்டித் தருவார்கள். மெட்ரோ ரயில் ஏர்போர்ட்டுக்குள்ளேயே வருகிறது. குடிக்க வெந்நீர் எங்கே பார்த்தாலும் கிடைக்கும், காலி ஃபிளாஸ்க் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு ஸ்வெட்டர். முக்கியமாக, போனில் ரோமிங் போட்டுக் கொண்டு போகச் சொல்லுங்கள். இந்த ரோமிங் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

“நீங்க இன்னா பண்ணீங்க மேடம், அவ்ளோ நேரம்?”

“பார்க்குக்குப் போய் வந்தேன்” என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக் கொண்டு நடையைக் கட்டினேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பகலின் கதை அது இல்லை. மருந்துக் கடையில் நின்று கொண்டு சொல்கிற விஷயமா அது? உங்களிடம் சொல்கிறேன்.

என் மகள் கயல் கனடாவில், வான்கூவரில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான். டாக்டர் அவள் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லி விட்டார். சரி, மகள் வர முடியாவிட்டால் தாய் வீடு கிளம்பிப் போக வேண்டியதுதான். தாய் வீடு என்பது இப்போது நான் ஒருத்திதான். கயலின் அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது.

பெரிய பெட்டியில் சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு என்று நான் அடுக்கிக் கொண்டிருந்தபோது வடக்கனந்தலிலிருந்து செல்வி வந்தாள். செல்வி என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. வந்தவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நேராக பீரோவுக்குப் போனாள்.

“அண்ணி, எங்கண்ணன் வேட்டி எங்க வெச்சிருக்கீங்க?”

பிறந்த குழந்தைக்கு நாம் புதுத் துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். வீட்டுப் பெரியவர் கட்டியது என்றால் இன்னும் விசேஷம். உயிரோடு இல்லாதவருடைய துணியைப் போடலாமா என்று எனக்கு ஒரு தயக்கம். மெதுவாகக் கேட்டும் விட்டேன். செல்விக்கு வந்ததே கோபம்!

“எவளாவது அப்பிடி சொன்னா என்னாண்ட அனுப்புங்க. எங்கண்ணன் துணியில இன்னா தோசம்? பேரப்புள்ளயத் தூக்கத்தான் அவருக்குக் குடுத்து வெக்கல. அவரு வேட்டியாவது தூக்கட்டும்.”

நான் பீரோவைத் திறந்து விட்டேன்.

அவளே ஒரு வேட்டியைத் தேர்ந்தெடுத்தாள். வெந்நீரில் போட்டு அலசினாள், வெயிலில் காயப் போட்டாள், நான் இஸ்திரி போட்டேன். பிளாஸ்டிக் கவரில் வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டினோம். பெரிய பெட்டி தொலைந்தாலும் தொலையும் என்று கைப்பையிலேயே வைத்துக் கொண்டேன்.

“மொதல்ல அதான் கொழந்த மேல படணும். மறந்துடாதீங்க அண்ணி.” பஸ் ஏறும் வரைக்கும் அதையேதான் சொன்னாள்.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எங்கே தாமதமாகப் போகிறது என்ற தைரியம்தான்.

டெல்லியில் சீன விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது கயலிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. “லேசா இடுப்பு வலிக்குதும்மா. பொய் வலியாதான் இருக்கும். பயப்படாத.” பயப்படாதே என்று சொன்னால் எந்த அம்மா பயப்படாமல் இருந்திருக்கிறாள்? பதில் அடிப்பதற்குள் போனை அணைக்கச் சொல்லி விட்டார்கள்.

காலையில் சீனாவின் குவாங்சோ நகரில் இறங்கினேன். அடுத்த விமானம் இரவில். இறங்கியதும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். ஒரே ஒரு பகல்தானே, ஏர்போர்ட் வைஃபை போதாதா என்று ரோமிங் போடாமல் வந்த அதிபுத்திசாலி நான். வைஃபை கிடைத்தது. வாட்ஸ்அப் திறக்கவில்லை. ஜிமெயில் திறக்கவில்லை. அங்கே இதெல்லாம் திறக்காது என்று ஊர் உலகத்துக்கே தெரியுமாம்... எனக்கு மட்டும் தெரியாது.

கயலுக்கு வலி நின்றதா, கூடியதா? பொய் வலியா, நிஜ வலியா? யாரைக் கேட்பது? தகவல் கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டினோம்.

உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பாஸ்போர்ட்டில் சீட்டு ஒட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறி, ரயில் மேப்பில் பச்சையாகத் தெரிந்த ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஒரு பூங்காவுக்குப் போனேன்.

அழகான பூங்கா. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு விட்டு, என் வயதுக்காரர்கள் வரிசையாக நின்று ஆடிக் கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆடுகிற மனைவியின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக் காத்துக் கொண்டிருந்தார். நான் அவரைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நம் பையை வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! இருக்கும்போது தெரிவதில்லை.

ஆடுகிறவர்களை நான்கைந்து போட்டோ எடுத்தேன். எடுத்த பிறகுதான் தோன்றியது, யாருக்கு அனுப்புவது? முன்பெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால்கூடக் கயலின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்வேன். “சரி, சரி, இதுக்கா போன் பண்ண?” என்பார். ஆனால் எடுக்காமல் இருந்ததில்லை.

மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சீக்கிரமே ஏர்போர்ட்டுக்குத் திரும்பி விட்டேன். சோதனை எல்லாம் முடிந்து உள்ளே நடந்து போகும்போது நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது.

“ஆங்... கேக்குது, கேக்குது. மிஷினு பாத்துட்டேன்டா. ஜவ்வரிசி காய வெக்கிறதுக்கு ஜோரா இருக்கு. இப்ப ஏர்போர்ட்டுல தான் ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

நம்புங்கள், ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன்.

“சார், நீங்க கள்ளக்குறிச்சிப் பக்கமா?”

அவர் திடுக்கிட்டுப் போனார். “சின்னசேலம்மா. ஜவ்வரிசி ஆலை வெச்சிருக்கேன். நீங்க?”

நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பெண்ணுக்கு வலி என்றேன், போன் இல்லை என்றேன், எதை முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தன் போனை என் கையில் வைத்தார்.

“மொதல்ல பேசுங்கம்மா. ரோமிங் போட்டுத்தான் வெச்சிருக்கேன். எவ்ளோ நேரம் வேணாலும் பேசுங்க.”

நல்லவேளை, கயல் போன் நம்பர் மனப்பாடம். மருமகன்தான் எடுத்தார்.

“அத்தை! எங்க இருக்கீங்க? எவ்ளோ மெசேஜ் போட்டேன்... பொண்ணு பொறந்திருக்கு அத்தை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன கேட்பாள்? எடை எவ்வளவு, யார் ஜாடை, சுகப் பிரசவமா... நான் கேட்டது வேறு.

“மாப்ளே, கொழந்தய எந்தத் துணியில சுத்துனாங்க?”

பாவம், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

“ஆஸ்பத்திரித் துணிதான் அத்தை. வெள்ளையில நீலமும் ரோஸும் கோடு போட்டிருக்கு. ஏன் அத்தை?”

“சும்மாதான் கேட்டேன்” என்றேன்.

கயல் தூங்குகிறாள் என்றார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்து விட்டேன்.

“இன்னா கொழந்தம்மா?” என்றார் சின்னசேலத்துக்காரர்.

“பொண்ணுங்க.”

“மகாலட்சுமி வந்துட்டா வூட்டுக்கு! நல்லா இருக்கட்டும்.” சட்டைப்பையைத் தடவினார், கைப்பையைத் திறந்து பார்த்தார். “வாயில போட ஒரு மிட்டாய் கூட இல்லியே...” என்று என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார். அதற்குள் அவருடைய விமானத்துக்குக் கூப்பிட்டு விட்டார்கள். கும்பிடு போட்டுவிட்டு வேகமாகப் போனார். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

அவர் தலை மறைந்ததும்தான் உண்மையில் தனியானேன்.

வாசகர்களே, துக்கத்தைத் தனியாகத் தாங்கிவிடலாம். மூன்று வருஷமாகப் பழகியிருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டால் போதும். சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது யாரிடமாவது சொல்லச் சொல்லிப் படுத்துகிறது. எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், சுற்றிலும் ஆயிரம் பேர், ஒருத்தருக்கும் தெரியாது.

நூடுல்ஸ் கடைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கையையும் தொட்டில் மாதிரி சேர்த்து ஆட்டிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, தாய்மார்கள் பால் கொடுக்கும் அறை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். என் வயதுக்கு!

ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். ஏசி எலும்பு வரைக்கும் குத்தியது. நானோ ஸ்வெட்டரைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தேன். கைப்பையைத் திறந்தால் மேலாகவே அந்த பிளாஸ்டிக் கவர். யார் கையும் படாமல், தூசி படாமல் கொண்டுவந்தது. இனி எதற்கு? பிரித்தேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கயலின் அப்பா வாத்தியாராக இருந்த வருஷங்களில் மார்கழிக் குளிர் தாங்க முடியாது. போர்வையை எனக்கும் கயலுக்கும் போர்த்திவிட்டு, அவர் ஒரு வேட்டியை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். “இதுவே சூடாத்தான் இருக்கு” என்பார். பொய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏர்போர்ட்டில் நானும் அப்படியே போர்த்திக்கொண்டேன். உண்மையிலேயே சூடாக இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை. விமானத்துக்குக் கூப்பிடும்வரை அதற்குள்தான் அழுதேன். பேத்தி பிறந்ததற்கா, வேட்டி பிந்தியதற்கா, அவர் இல்லாததற்கா... பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வான்கூவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேட்டியைக் குழந்தைக்கு உடனே சுற்றவும் முடியவில்லை. ஏர்போர்ட்டில் நான் போர்த்திக் கசக்கியது ஆயிற்றே! கயல் வீட்டு வாஷிங் மெஷினில் ஒரு சுற்று ஓடி, டிரையரில் ஒரு சுற்று ஓடி, குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சுற்றினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கயல் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

“அப்பா வாசனை இருக்காம்மா?”

“சோப்பு வாசனைதான்டி இருக்கு” என்றேன்.

கயல் வேட்டி முனையைக் குழந்தையின் கன்னம் வரைக்கும் இழுத்து விட்டாள்.

அன்று சாயங்காலமே செல்வியிடமிருந்து போன். குழந்தை எப்படி, கயல் எப்படி என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

“அண்ணி, மொதல்ல எங்கண்ணன் வேட்டிதானே பட்டுச்சு?”

அவள் குரலில் இருந்ததை என்னால் எழுத முடியாது. அவரை டவுசர் போட்ட பையனாகப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஏமாற்றம் என்றால் அது என்னோடு போகட்டும். அவளுக்கும் எதற்கு?

“ஆமா செல்வி. அதான் மொதல்ல பட்டுச்சு.”

போனிலேயே அழுதாள். இன்றுவரை வடக்கனந்தலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். உங்கள் அத்தனை பேரிடமும் சொல்ல முடிந்த உண்மையை அவள் ஒருத்தியிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

செல்விக்கு வாராவாரம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டும் அவள் மருமகளுக்கு ஒரு வேண்டுகோள்... இந்த வாரம் புத்தகம் வரவில்லை என்று சொல்லிவிடம்மா!