என்னை மதிப்பிட நானே தயாரித்த தாள்

கல்லூரியில் என் வேலை நிரந்தரமானபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அன்று வாங்கிப்போன லட்டு வீட்டில் தீர்வதற்கு முன்பே, பாடத்துக்காகப் படிப்பதை நிறுத்திவிட்டேன். நிரந்தரமாவதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் பயந்து பயந்து எழுதிய இயற்பியல் குறிப்புகள் இரண்டு தடித்த நோட்டுகளில் இருந்தன. அடுத்த பதினைந்து வருடமும் பாடம் நடத்தியது அந்த நோட்டுகள்தான். போத்தனூரிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து போத்தனூருக்கும் டவுன் பஸ்ஸில் அவற்றைச் சுமந்தது மட்டுமே என் பங்கு. சில பக்கங்களின் ஓரத்தில் 'இங்கே சிரிக்க வைக்கவும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்துவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று முந்தைய வருடத்துப் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த லட்சணத்தில், கல்லூரியிலேயே சிறந்த ஆசிரியர் நான்தான் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் புது முதல்வர் வந்தார். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். வந்த மூன்றாவது மாதம் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருசத்திலிருந்து பிள்ளைங்க நம்மளை மதிப்பீடு செய்யட்டுமுங்க" என்றார். கூடத்தில் ஒரே இரைச்சல். வரலாற்றுத் துறையின் மூத்தவர் ஒருவர், "நாங்க எல்லாம் நிரந்தரமான ஆளுங்க. மார்க் கொறைஞ்சுதுன்னா எங்களை என்னங்க பண்ணிருவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே பண்ண முடியாதுங்க" என்றார் முதல்வர், கொஞ்சமும் கோபப்படாமல். "தெரிஞ்சுக்கலாமில்லீங்களா, அதுக்குத்தான்."

அதற்கான கேள்வித்தாளை யார் தயாரிப்பது என்று அவர் கேட்டபோது எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் கை தூக்கினேன். கல்வியின் மேல் இருந்த அக்கறையால் அல்ல. வேதியியல் துறையில் ஒருவர் இருந்தார். தினமும் ஈரோட்டிலிருந்து ரயிலில் வருபவர். வாரத்தில் இரண்டு நாளாவது ரயில் தாமதம், அவரும் தாமதம். சட்டைப் பையில் மை ஒழுகியிருக்கும். கேன்டீனில் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பார். அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். அது எனக்குப் பொறுக்கவில்லை. யார் நல்ல ஆசிரியர் என்பது ஒருமுறை எழுத்து மூலமாகத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஆகவே கேள்விகளை எனக்கு அளவெடுத்துத் தைத்தேன். நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா? பாடத்திட்டத்தை முடிக்கிறாரா? கரும்பலகையில் கையெழுத்து தெளிவாக இருக்கிறதா? குரல் கடைசி பெஞ்ச் வரை கேட்கிறதா? இப்படிப் பதினான்கு. குழுவில் என்னுடன் இருந்த கணிதத் துறை அம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க சார். இன்னொரு கேள்வி சேத்துக்கலாமுங்களா? 'இவர் வகுப்பில் புரியாத ஒன்றை எழுந்து கேட்டிருக்கிறீர்களா?' அப்படீன்னு."

"அதுக்கென்னங்க, தாராளமா" என்றேன். என் வகுப்பில் யாரும் எதையும் கேட்டதே இல்லை. அவ்வளவு தெளிவாக நடத்துகிறேன் என்றுதான் அதற்கு நான் கணக்குப் போட்டிருந்தேன்.

தாளைக் கொடுக்கும்போது நானே என் வகுப்பில், "பேர் எழுத வேண்டாம். யார் எழுதினாங்கன்னு யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லை" என்று உறுதி சொல்லிவிட்டு, மரியாதையாக வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை முதல்வர் அறையில் அவரும் கணிதத் துறை அம்மாவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். முதல் பதினான்கு கேள்விகளில் நான்தான் முதல். வேதியியல்காரர் நேரம் தவறாமையில் கடைசி. முகத்தில் சந்தோஷம் தெரியாமல் இருக்கத் தண்ணீர் குடித்தேன். பதினைந்தாவது கேள்விக்கு வந்தோம். வேதியியல்காரரின் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். என் வகுப்பில் இரண்டே இரண்டு 'ஆம்'. அதில் ஒன்றில் அடைப்புக்குறி போட்டு, 'வெளியே போகலாமா என்று கேட்டேன்' என்று இருந்தது.

அடுத்து 'பிற கருத்துகள்'. முதல்வர் மெதுவாக வாசித்தார். "'சார் போர்டைப் பார்த்தே பேசுவதால் முதுகு நன்றாகத் தெரியும்.' அப்புறம் இது... 'சார் வகுப்பில் நன்றாகப் படிக்கிறார்.'"

"பரவாயில்லையே, பாராட்டியிருக்காங்க" என்றேன்.

கணிதத் துறை அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல்வர் கொஞ்சம் சங்கடத்தோடு, "நடத்தறாருன்னு எழுதலீங்க. படிக்கிறாருன்னுதான் எழுதியிருக்குது. நோட்டைப் பாத்து, அந்த மாதிரிங்க" என்றார்.

சரிபார்ப்பதாகச் சொல்லி என் வகுப்புத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அடுத்து நான் செய்ததை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடவே கட்டி எடுத்துவந்திருந்த அந்த வகுப்பின் ஆய்வுக்கூட ரெக்கார்டு நோட்டுகளை எல்லாம் கூடத்தில் பரப்பி, 'படிக்கிறார்' என்று எழுதிய கை எது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்தேன். என் மனைவி காபியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை ரெக்கார்டு திருத்தறீங்களா? கல்யாணமாகி இத்தனை வருசத்துல இதை நான் பாத்ததே இல்லீங்களே!"

அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. பத்து மணிக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். 'ற'வின் காலை அதே மாதிரி சுழித்து எழுதும் ஒரு மாணவி. கருமத்தம்பட்டியிலிருந்து வருபவள், வீட்டில் விசைத்தறி. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் நோட்டை மூடி மேசைமேல் வைத்தேன். "என் வகுப்புல கேள்வி கேக்க முடியலைன்னு சில பேருக்குக் குறை இருக்குதாம். இன்னைக்குக் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேராக அவளைக் காட்டினேன். "எந்திரிம்மா. நீ கேளு."

திணறுவாள், உட்காரச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அவள் எழுந்து தாவணி முனையைச் சரிசெய்துகொண்டாள்.

"கேக்கலாமுங்களா சார்?"

"அதைத்தானே சொல்றேன்."

"ஓம் விதிப்படி வோல்டேஜ் கொறைஞ்சா கரண்ட்டும் கொறையணுமில்லீங்களா சார்? ஆனா எங்கூர்ல கோடைக்காலத்துல லோ வோல்டேஜ் வந்தா தறி மோட்டாரு சூடாகிக் கருகிப்போயிருதுங்க. கரண்ட் கொறைஞ்சா எப்படிங்க சார் கருகும்?"

ஓம் விதியைப் பதினைந்து வருடமாகச் சொல்லிவருகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. மூடிய நோட்டைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டினேன். அதில் இருந்தால்தானே!

"அது சிலபஸ்ல இல்லம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பணிவான 'சரிங்க'தான் என்னைக் கொன்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்க தோட்டத்துக் கெணத்து மோட்டாரும் அப்படித்தானுங்க சார் கருகுது" என்றான். இன்னொருவன் அவன் மாமா வீட்டு மோட்டாரைச் சொன்னான். என் வகுப்பில் இத்தனை பேருக்குக் குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்து வெளியே வந்தேன்.

துறையில் யாரிடமும் கேட்க மனம் வரவில்லை. மாலையில் வாசலுக்கு வந்தபோது வேதியியல்காரர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?" என்றார். ஏன் அவரிடம் போய்ச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன்.

"அட, நல்ல கேள்வியா இருக்குதே! எனக்கும் தெரியாதுங்க" என்றார், ஏதோ பரிசு கிடைத்தவரைப் போல. தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை. "உக்கடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற பாய் ஒருத்தரு எனக்குப் பழக்கம். வாங்க, கேட்டுப்போட்டு வந்தரலாம்."

"உங்க ரயிலு?"

"அது போனா இன்னொண்ணு வருமுங்க."

உக்கடத்தில் அந்தக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கருகிய வார்னிஷ் நெடி. தரை முழுக்கத் திறந்துபோட்ட மோட்டார்கள். பாய் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்து, "சாருங்க என்ன வேலைங்க?" என்றார்.

வேதியியல்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தமிழ் வாத்தியாருங்க."

வேதியியல்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பாய் பொறுமையாக, தமிழ் வாத்தியாருக்கும் விளங்கும்படி சொன்னார். "மோட்டாரு வேகமா சுத்தறப்போ அதுவே லைனை எதுத்துத் தள்ளுமுங்க. அதனாலதான் கரண்ட் அளவா வருது. வோல்டேஜ் கொறைஞ்சாலும் தறி இழுக்கற பாரம் கொறையறதில்லீங்களே. தெம்பு பத்தாம சுத்து கொறைஞ்சுரும். சுத்து கொறைஞ்சா எதுத்துத் தள்ற சக்தியும் போச்சு. கரண்ட் தாராளமா உள்ளே பாயும். அப்புறம் காயில் எங்கிட்ட வந்துரும்."

எதிர்த்துத் தள்ளுவது! எதிர் மின்னியக்கு விசை. என் இரண்டாவது நோட்டில் முழுசாக ஒரு பக்கம். ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் நிறுத்தக்குறி உட்பட வாசித்துவந்த பக்கம். அதற்கும் இந்தச் சந்தில் கருகிக் கிடந்த மோட்டார்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் வேதியியல்காரர் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அந்தத் 'தமிழ் வாத்தியார்' கதையை அவர் ஓய்வுபெறும்வரை ஆசிரியர் அறையில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் கல்லூரி முழுக்கப் பரப்பியிருப்பேன்.

மறுநாள் வகுப்பில், பாய் சொல்லித்தான் தெரிந்தது என்று ஒப்புக்கொள்ளும் எண்ணத்தோடுதான் போனேன். கரும்பலகை முன்னால் நின்றதும் ஏதோ நானே ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்ததுபோல விளக்கிவிட்டேன். முடித்துக் கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூளை உதறியபோது, அந்தப் பெண் எழுந்தாள்.

"ஆமாங்க சார். நேத்து ஊட்டுக்குப் போயி அப்பாகிட்டக் கேட்டேனுங்க. அவரும் இதேதானுங்க சொன்னாரு. காயில் கட்டறவரு சொன்னாராமாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி இல்லாமல். அதன்பிறகுதான் உக்கடத்துக் கதையைச் சொன்னேன், தமிழ் வாத்தியார் பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு முடிந்த நாள், அவளைத் தனியாக நிறுத்தி, "சார் நன்றாகப் படிக்கிறார்னு அந்தத் தாள்ல எழுதினது நீதானேம்மா? கோபமில்லை, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. "அய்யோ, நான் இல்லீங்க சார்! நான் எல்லாத்துக்கும் மிக நன்றுன்னுதானுங்க போட்டேன். நீங்க நோட்டைப் பாத்துச் சொன்னாத்தானுங்க எங்களுக்கு எழுத வசதி."

அந்த வருடமே எனக்கு முதுநிலை விரிவுரையாளர் பதவி உயர்வு வந்தது. மதிப்பீட்டுத் தாளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை வருடம் கல்லூரியை விட்டு ஓடாமல் இருந்தால் யாருக்கும் வருவதுதான். மதிப்பீட்டை அடுத்த வருடமும் தொடரலாமா என்று முதல்வர் கூட்டத்தில் கேட்டபோது கணிதத் துறை அம்மாவும் வேதியியல்காரரும் கை தூக்கினார்கள். நான் தேநீர்க் கோப்பையில் படிந்திருந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டம் கைவிடப்பட்டது.

அந்தக் குற்ற உணர்வில்தான், அடுத்த ஜூனில் என் வகுப்பு மேசைமேல் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்தேன். எழுந்து கேட்கக் கூச்சப்படுபவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வேன் என்று அறிவித்தேன். மூன்று நாள் டப்பா காலியாகவே இருந்தது. நான்காம் நாள் ஒரு சீட்டு. பிரித்துச் சத்தமாக வாசித்தேன்.

'சார், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் உண்டா?'

"இல்லை" என்றேன். அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.