பசும்பால் சோதனை

மழை பொய்த்திருந்த காலம். மைசூரில் ரேஷன் அரிசிக்கே வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பால் ஊற்றியவரின் மாடும் வற்றிவிட்டது. அம்மாவுக்கும் பால் சுரக்கவில்லை. நடக்கத் தொடங்கியிருக்க வேண்டிய என் தம்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் துவண்டு கிடந்தான்.

பெரியாஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து பால் பவுடர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அம்மா ஓடினாள். நானும் கூடப் போனேன். கப்பலில் மதராஸ் வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்கள் ஊர் சேர்ந்த பெரிய பெரிய பீப்பாய்கள். நர்ஸம்மா தம்பியை எடை போட்டுப் பார்த்து, கரைக்கும் விதத்தைக் கன்னடத்தில் சொல்லி, எங்கள் தூக்கு நிறையப் பவுடர் கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே அத்தை மறித்துவிட்டார். அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறதென்று யாரோ சொன்ன நாளிலிருந்து குழாய்த் தண்ணீரையே தொடாதவர்.

"எந்த மிருகத்துப் பாலோ, யார் கறந்தாளோ! ஆத்துக்குள்ள கொண்டு வராதே" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். அக்காவை எதிர்த்துப் பேசியே அறியாத அப்பா, "குழந்தை பிழைக்கணுமே, அக்கா" என்றார்.

அத்தை தம்பியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூக்கை வாங்கிக்கொண்டார்.

"தோய்ச்சுப் பார்த்துடறேன். பசும்பாலானா தோயும். தோயலேன்னா திருப்பிக் கொடுத்துடணும்."

கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் பவுடரைக் கரைத்தார். உறைமோர் விட்டு, வெயில் படும் இடத்தில் மூடி வைத்தார். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது எப்படியாவது பசுவாக இருக்க வேண்டுமென்று மேல்கோட்டைப் பெருமாளை நச்சரித்தேன். பொழுது சாயும் நேரத்தில் அத்தை மூடியைத் திறந்தார்.

"கட்டியாத் தோஞ்சிருக்கு. பசுவேதான்!"

அன்று பாலாடையில் முதல் பாலைத் தம்பிக்குப் புகட்டியவரும் அவர்தான். சில வாரங்களில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இன்று பேரன்களை மேய்க்கிறான். எங்களைப் பார்த்தேயிராத யாரோ அனுப்பிய பால் அது. அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

கல்யாணமாகிப் போன வீட்டில் எருமை கட்டியிருந்தார்கள். முதல் நாள் பயந்துகொண்டேதான் உறை ஊற்றினேன். காலையில் தயிர் கத்தியால் வெட்டலாம் போலத் தோய்ந்திருந்தது. ஆட்டுப்பாலும் அப்படித்தான் தோயும் என்றார் மாமியார். ஆயுசு முழுக்கத் தயிர் தோய்த்த அத்தைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?