உசாத்துணைப் பட்டியலில் ஒரு தையற்காரர்

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பல்கலைக்கழக ஆய்விதழின் ஆசிரியர் சில வரிகள்தான் எழுதியிருந்தார். இறக்கக்கண்டியிலிருந்து ஈச்சிலம்பற்று வரை கடற்றொழிலாளர் காற்றுகளுக்கு வழங்கும் பெயர்கள் பற்றிய என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆதாரமான நூல்களையும் ஆட்களையும் அடுக்கும் உசாத்துணைப் பட்டியல் இதழின் முறைப்படி இல்லை. இணைத்துள்ள விதிகளின்படி திருத்தி அடுத்த வெள்ளிக்குள் கிடைக்கச் செய்தால் இந்த இதழில் சேரும். இல்லையேல் அடுத்த இதழ். அடுத்த இதழ் எப்போது என்று அவர் எழுதவில்லை, அவருக்கும் தெரிந்திராது.

எனக்கு அடுத்த இதழ் உதவாது. அதே பல்கலைக்கழகம் உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. அச்சில் ஒரு கட்டுரையாவது இல்லாதவர்களை நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை என்று கேள்வி. நான் நிலாவெளியில் இரண்டாவது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ், மத்தியானம் பஸ். இடையில் ஒரே பாடத்தை இரண்டு வகுப்புகளில் சொல்லும்போது கால் தானாக வாசல் பக்கம் திரும்பும்.

விதிகள் ரோணியோ யந்திரத்தில் படியெடுத்த இரண்டு தாள்கள். மூன்றாவது விதி சொன்னது: குடும்பப் பெயர் முதலில் முழுமையாக வரவேண்டும், சொந்தப் பெயர் முதலெழுத்தாகப் பின்னே நிற்கவேண்டும், பட்டியல் குடும்பப் பெயரின்படி அகரவரிசையில் அமையவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர்; அவ்வளவுதான். நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. குடும்பத்திலிருந்து வருவது தகப்பன் பெயர், ஆகவே அதுதான் குடும்பப் பெயர் என்று தீர்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் வேலையின் அளவு தெரிந்தது. பட்டியலில் முப்பத்திரண்டு பேர். நூலாசிரியர்களில் பாதிப் பேர் ஓரெழுத்தோடு நின்றார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த தகப்பன்மாரைத் தேடி நான் ஊர் சுற்றத் தொடங்கினேன். வாசிகசாலையில் முன்னுரைகளைப் புரட்டினேன். உவர்மலையில் இளைப்பாறியிருந்த ஒரு நூலாசிரியரின் வீட்டுப் படலையில் நின்று கேட்டேன். ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

“என்ர தகப்பன்ர பேர் உமக்கு என்னத்துக்கு, பிள்ளை?”

காரணத்தைச் சொன்னேன். நம்பாமல்தான் பெயரைச் சொன்னார்.

அக்கா நகரத்தில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் தட்டெழுத்தாளர். என் கட்டுரையைச் சாப்பாட்டு நேரங்களில் அடித்துத் தந்தது அவள்தான். “நீ ஆரைக் கண்டாலும் அப்பன்ர பேர் கேக்கிறாய். கலியாணத் தரகு தொடங்கீட்டாய் எண்டு சனம் கதைக்கப் போகுது,” என்றாள். “முதல்ல உனக்கு ஒண்டைப் பார்.”

தகவல் தந்த மீனவர்களில் முக்கியமானவர் இறக்கக்கண்டிக்காரர். கட்டுரையின் பாதி அவருடைய வாய்ச்சொல். வாடை எப்போது கொண்டலாகத் திரும்பும், கச்சானுக்குள் ஒளிந்து வரும் சிறுகாற்றை எப்படி முகத்தில் பிடிப்பது, எல்லாம் அவர் சொன்னவை. அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். “உங்கட வாப்பாட வாப்பா பேர் என்ன?” என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பட்டியல் முடிந்தது. அக்கா சுத்தமாக அடித்துத் தந்தாள். புதன் பின்னேரம் ஐந்து மணிக்குள் நகரத் தபால் கந்தோரில் போட்டால் வெள்ளி கிடைக்கும். தாள்களை உறையிலிட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

புதன் இடைவேளையில் மகளைப் பிடித்துக்கொண்டு இறக்கக்கண்டிக்காரர் வந்து நின்றார். கரைவலை இழுத்த கையோடு வந்திருக்கவேண்டும். சாரத்தின் ஓரம் ஈரமாக இருந்தது.

“ரீச்சர், எங்கட வாப்பாட பேரக் கேட்டீங்களாம். காணிப் பிரச்சினை ஏதுமா?”

“இல்லை இல்லை. புத்தகத்தில உங்கட பேர் போடத்தான்.” பெருமையோடு உறையைத் திறந்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அவருடைய தகப்பனின் பெயர் முழுதாக முன்னே நின்றது. பின்னால் அவருடைய பெயரிலிருந்து ஓர் எழுத்து, ஒரு புள்ளி. பிறகு ஊர், நேர்காணல்.

அவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

“இது எங்கட வாப்பால்ல? அவர் தையற்காரர் ரீச்சர்! கடலப் பாத்தாலே தலை சுத்தும் எண்டு கரைக்கே வரமாட்டார். அவர் காத்துக்குப் பேர் சொன்னாராமா?”

“பின்னால உங்கட எழுத்து இருக்குத்தானே?”

“ஒரு எழுத்தக் கொண்டு ஊருக்குள்ள என்னய யாருக்குத் தெரியும்?” இப்போது அவர் சிரிக்கவில்லை. “இத வாசிச்சிட்டு ஒரு ஆள் என்னத் தேடி வாறான் எண்டு வைங்க. இந்தப் பேரச் சொல்லிக் கேட்டா நேரா மையவாடிக்குத்தான் வழி காட்டுவாங்க. வாப்பா அங்கதான் அடங்கி இரிக்கார்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சூடாகியது. உசாத்துணை என்பதே இதற்குத்தானே: வாசிக்கிறவன் நான் சொன்னதை நம்பாவிட்டால், சொன்னவரைத் தானே தேடிப் போய்க் கேட்கலாம். முப்பத்திரண்டு வரியில் ஏறக்குறைய எல்லாரையும் நான் அவர்களுடைய தகப்பன்மாரின் வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

“இண்டைக்கே மாத்துறன்,” என்றேன்.

“மாத்த ஏலுமா?”

“ஓம்.” எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் கிடைத்த பஸ்ஸில் தொங்காத குறையாக நகரம் வந்து அக்காவின் கந்தோருக்குள் நுழைந்தேன். அக்கா நான் சொன்னதைக் கேட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.

“விதி எழுதினவரும் தமிழர்தானே? அவருக்குத் தெரியாததா? அவை கேட்டதைக் குடுத்திட்டு வேலையை எடு. பேராசிரியர்மாரோட ஏன் கொழுவுறாய்?”

“வெளிநாட்டு இதழைப் பாத்து எழுதியிருக்கினம், அக்கா. ஆரும் எங்கட பேரை வைச்சுப் பாக்கேல்லை.”

“உனக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?”

நான் பட்டியலைக் கத்தரிக்கோலால் வரிவரியாக வெட்டத் தொடங்கினேன். பெயர் மாறினால் அகரவரிசையும் மாறும். முதல் வரி பத்தொன்பதாவதாகப் போனது, கடைசி வரி நடுவுக்கு வந்தது. துறைமுகப் பக்கத்து யன்னலால் காற்று வந்து துண்டுகளைக் கிளப்பியது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே வழக்குக் கட்டொன்றைத் தூக்கி அவற்றின் மேல் வைத்தாள். பிறகு யந்திரத்தில் புதுத் தாளை மாட்டினாள். “சொல்லு. கெதியாச் சொல்லு.”

ஐரோப்பியப் பெயர்களை விதிப்படியே விட்டேன். எங்களுடையவற்றில் சொந்தப் பெயரை முழுதாக முன்னே வைத்து, தகப்பனின் எழுத்தைப் பின்னே போட்டேன். அடியில் ஒரு குறிப்பு: தமிழ், முஸ்லிம் பெயர்களில் முன்னெழுத்து தகப்பனைக் குறிப்பது; அது குடும்பப் பெயராகாது; ஆகவே மூன்றாம் விதியை இவ்விடத்தில் பின்பற்றவில்லை. அந்த வாக்கியத்தை அடிக்கும்போது அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்க்காததுபோல் நின்றேன். ஐந்துக்குச் சில நிமிடம் இருக்க உறை தபால் கந்தோர் யன்னலுக்குள் போனது.

மறுமொழி மூன்று வாரம் கழித்துத் தபாலட்டையில் வந்தது. கட்டுரை உரிய நேரத்தில் கிடைத்தது. குறிப்புக் கவனத்திற்குரியது. மூன்றாம் விதியை மாற்றுவதா என்று ஆசிரியர் குழு கூடி முடிவெடுக்கவேண்டும். அதுவரை கட்டுரை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

அட்டையை மேசையில் அடித்தேன். வாசலுக்கும் குசினிக்கும் நடந்தேன். அக்கா “நான் சொன்னனான்” என்று சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் இறக்கக்கண்டிக்காரருக்குச் சொல்லவேண்டியிருந்தது. வலை காயும் இடத்தில் கண்டு, பல்கலைக்கழக வேலை பற்றியும் சொன்னேன்.

“என்ட பேரால உங்கட வேலை போச்சா, ரீச்சர்?”

“போகேல்லை. பிந்துது.”

“பழையபடி எழுதி அனுப்பினா இப்பவே போடுவாங்களா?”

“போடுவினம்.”

அவர் வலையின் கண்ணொன்றில் விரலை விட்டு, கிழிசலைப் பார்த்தபடி நின்றார். “எழுதி அனுப்புங்களன். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.”

உண்மையாகவே சொன்னார். அந்த நிமிடம் எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க முடியாது. பழைய பட்டியலின் கார்பன் பிரதி ஒன்று வீட்டில் இருந்தது. புது உறை மட்டும்தான் தேவை.

“நான் நினைப்பன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். வெளியீடுகள் என்ற இடத்தில் “இல்லை” என்று எழுதினேன். மை காயுமுன்னரே மடித்துவிட்டதால் அந்தச் சொல் எதிர்ப்பக்கத்திலும் கொஞ்சம் பட்டது. வேறு படிவம் கேட்டு எழுதப் பொறுமை இல்லை. அப்படியே அனுப்பினேன்.