எத்தனை வாட் போடலாம், அக்கா?

ஒரு இரும்புத் துண்டைச் சூடாக்க எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. குன்னூரில் சின்னப் பட்டறை. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. துண்டின் எடை என்ன, இப்போது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு சூடாக வேண்டும், எத்தனை நிமிடத்தில்? இந்த நாலுக்கும் சரியான பதில் வாங்குவதற்குள் படும் பாடு, இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு ஆள் தூக்கலாம்

கூடலூரில் பாக்குமட்டைத் தட்டு செய்யும் ஜோஸ், போனில் ஹீட்டர் கேட்டார். மட்டையை அழுத்தித் தட்டாக்கும் அச்சு எத்தனை கிலோ என்றேன். தராசு இல்லை, ஆனால் ஒரு ஆள் தாராளமாகத் தூக்கலாம் என்றார். இருபது கிலோ என்று வைத்து, அரை மணியில் சூடாகிற மாதிரி செய்து அனுப்பினேன்.

மறுநாளே போன் வந்தது. ஒரு மணி நேரமாகியும் மட்டை வளையவில்லை, கல்யாண வீட்டுக்குத் தட்டு போக வேண்டும் என்றார். பஸ் பிடித்துப் போனேன். அச்சை அசைக்கக்கூட என்னால் முடியவில்லை. நாற்பது கிலோவுக்குக் குறையாது. கையோடு கொண்டுபோன இன்னொரு ஹீட்டரையும் சேர்த்துப் பூட்டிய பிறகுதான் தட்டு விழ ஆரம்பித்தது. ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஜோஸ் ஒரே மூச்சில் அச்சைத் தூக்கிக் காட்டினார்.

"நான் தூக்குவேன்னுதான் சேச்சி சொன்னேன். நீங்க தூக்குவீங்கன்னு சொல்லலையே."

கூட்டிப் போட்ட பயம்

அதற்குப் பிறகு வந்தவர் கன்னியர் மடத்து சிஸ்டர் ரெஜினா. நற்கருணை அப்பம் சுடும் இரட்டை இரும்புத் தகட்டுக்குப் புது ஹீட்டர் வேண்டும் என்றார். இம்முறை தகட்டை நானே எடை போட்டேன். கணக்கும் சரியாக வந்தது. ஆனாலும் கூடலூர் பயம் விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு வாட் வைத்துவிட்டேன்.

முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்காகச் சுட்ட அப்பம் முழுவதும் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. திருப்பலிக்கு இரண்டே நாள். தலை குனிந்து நின்ற என்னை சிஸ்டர் திட்டவில்லை. டீ கொடுத்தார். அன்று மாலைக்குள் பாதி வாட்டில் வேறு ஹீட்டர் செய்து, சூடு ஏறியதும் தானாக அணைகிற மாதிரி தெர்மோஸ்டாட்டும் பூட்டிக் கொடுத்தேன். அப்பம் வெள்ளை வெளேர் என்று வந்தது. கருகியதை ஒரு பொட்டலமாகக் கட்டி, என் மகளுக்குச் சர்க்கரை தூவிக் கொடுக்கச் சொன்னார்.

"எடையைக் கூட்டு, நேரத்தைக் கூட்டு. உன் பயத்தை எதுக்கும்மா கூட்டினே?"

பஸ் வருவதற்குள்

ஊட்டியில் சாக்லேட் கடை வைத்திருக்கும் மல்லிகா, சாக்லேட் உருக்கும் அலுமினியத் தகட்டுக்கு ஹீட்டர் கேட்டார். எத்தனை நிமிடத்தில் சூடாக வேண்டும் என்றேன். டூரிஸ்ட் பஸ் வருவதற்குள் என்றார். பஸ் எப்போது வரும் என்றேன்.

"அது தெரிஞ்சா நான் எதுக்குங்க ஹீட்டர் கேக்கறேன்?"

துரைக்குக் குளிர்ந்த நாள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. ஃபிட்டர் யோகராஜா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மெஷின் தண்டு சுழல்வதற்கான பேரிங்கைச் சூடாக்கினால் கொஞ்சம் விரியும், உடனே தண்டில் மாட்டிவிடலாம். தீயில் காட்டினால் ஒரே இடம் வெந்து பாழாகிறது என்பதால் என்னிடம் ஹீட்டர் செய்யச் சொல்லியிருந்தார். முதல் தடவை மாட்டும்போது என்னையும் கூப்பிட்டார்.

அன்று மெஷின் நின்றிருந்தது. காலையிலிருந்து பெண்கள் பறித்த இலை மலையாகக் குவிந்திருந்தது. அது வீணாகும் முன் பேரிங் ஏற வேண்டும். அரை மணி ஆயிற்று. சூடு பார்க்கப் பேரிங்கில் விட்ட சொட்டுத் தண்ணீர் பொரியவே இல்லை. என் கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

யோகராஜா மீட்டரை பிளக்கில் வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்றெண்பதுதான் வந்தது. வோல்டேஜ் கால்பங்குகூடக் குறையவில்லை, ஆனால் சூடு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும் என்றேன். இலைக்குக் காற்று கொடுக்கும் ஃபேனை நிறுத்த முடியாது. அதே லைனில் வேறென்ன ஓடுகிறது என்று கேட்டேன். ஆபீஸ் ரூம் ஹீட்டர்களும் பங்களா கீசரும் என்றார். துரையிடம், அதாவது மேனேஜரிடம், அவற்றை அணைக்கச் சொல்ல அவர் தயங்கினார். நானே போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

பேரிங்கைப் பழைய சாக்கால் போர்த்தினோம். வோல்டேஜ் ஏறியது. கால் மணியில் தண்ணீர் சுர்ரென்று பொரிந்தது. பேரிங் வளையல் போல வழுக்கித் தண்டில் உட்கார்ந்தது. இலையைத் தள்ளி மெஷினை ஓட்டினார்கள். மேனேஜர் மஃப்ளரோடு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யோகராஜா என் பக்கம் குனிந்தார்.

"துரை நடுங்கினாத்தான் பேரிங் சூடாகும்னா, தெனம் ஒண்ணு மாட்டலாம் அக்கா."

ஊர் இரும்பையெல்லாம் சூடாக்கிக் கொடுக்கிற நான், என் பட்டறையில் இன்னும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.