ஹில்யா மெஷின் வாங்கிய கதை

ஹில்யா லுவோமா பாதி ஆயுளைப் பள்ளிக்கூடச் சமையலறையில் கழித்தவள். 'சாப்பாடு எப்படி?' என்று பிள்ளைகளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லும். மணி அடித்து எல்லாரும் போனபிறகு மிச்சம் கொட்டுகிற தொட்டியை எட்டிப் பார்ப்பாள். கேரட் கிடந்தால் அடுத்த வாரம் கேரட் வேறு வேஷத்தில் வரும். எதையும் பின்பக்கமாகப் போய்ப் பார்க்கிற இந்தப் புத்தி ஓய்வுபெற்ற பிறகும் அவளை விடவில்லை.

போன மார்ச்சில் அவர்கள் வீட்டில் வாசல் பனியை அள்ளி வீசுகிற மெஷின் செத்துப்போனது. அதற்குக் காரணம் அவள் கணவர் ரெய்னோ என்பது தெருவுக்கே தெரியும். பனியை வாரிச் சுழற்றும் திருகில் சின்னதாக ஒரு பின் செருகியிருக்கும். ஐஸ்கட்டியில் மோதினால் அது முறிந்து, உள்ளே இருக்கும் கியர்பெட்டியைக் காப்பாற்றும். அதுதான் அதன் வேலை. ஆனால் சும்மா சும்மா முறிகிறதே என்று எரிச்சல்பட்டு, ரெய்னோ அந்த இடத்தில் முரட்டு எஃகு போல்ட் ஒன்றை முடுக்கிவிட்டார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். போல்ட் அசையவில்லை. கியர்பெட்டிதான் சுக்குநூறானது. "பழைய சாமான், அதான் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் சவுனா என்கிற நீராவி அறைக்குக் குளிக்கப் போய்விட்டார்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. கோடையில் ரெய்னோவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டுகிற பனி பஞ்சு மாதிரி, அதற்கு யாரும் பயப்படுவதில்லை. விடிந்ததும் சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போகிற லாரி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்புயரத்துக்கு ஒரு பனிச்சுவரை விட்டுவிட்டுப் போகுமே, அதுதான் எமன். அதை உடைக்காமல் கார் வெளியே வராது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாரும் அவரவர் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ரெய்னோவால் இனி மெஷினைப் பிடிக்க முடியாது. ஹில்யாதான் பிடிக்க வேண்டும்.

அக்டோபரில் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "உன் மெஷின் எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் 'நல்ல மெஷின்' என்று ஒரே பாட்டு. எங்கள் ஊரில் ஒருத்தன் பெண்டாட்டியைக்கூடக் குறை சொல்வான், தன் மெஷினைக் குறை சொல்ல மாட்டான். ஹில்யா கேள்வியை மாற்றினாள்.

"கார்லோ, கடைசியா எப்ப நின்னுச்சு? நின்னப்ப நீ என்ன பண்ணே?"

எதிர்வீட்டு கார்லோ பெரோனா ரொட்டியைக் கீழே வைத்தார். "அதை ஏன் கேக்கறே! பின்னு முறிஞ்சுபோச்சு. நட்டு இத்துனூண்டு, கையுறையோட பிடிக்க முடியுமா? கையுறையைக் கழட்டினேன். அந்தக் குளிர்ல இரும்பு அப்படியே விரல்ல ஒட்டிக்கிச்சு. இந்த நகம் பாரு, கருத்தது கருத்ததுதான்."

"அப்புறமும் நல்ல மெஷின்னா சொல்றே?"

"மெஷின் நல்ல மெஷின்தான். நட்டுதான் சரியில்ல."

எல்லா வீட்டிலும் இதே கதை வேறு விரலோடு வந்தது. ஹில்யாவுக்கு ஒரே குஷி. தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்துவிட்டதே!

கடையில் டென்னிஸ் என்கிற பையன் குதிரைசக்தி, சூடாகும் கைப்பிடி, பனி எவ்வளவு தூரம் போய் விழும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அவள் பையிலிருந்து கனத்த கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பின்னை மாத்தப் போறேன்."

"அது இன்னும் முறியவே இல்லையே!"

"முறியும்ல? அப்ப எப்படி இருக்கும்னு இப்பவே பாத்துக்கறேன்."

பெரிய சிவப்பு மெஷின் தோற்றது. அடுத்ததும் தோற்றது. மூலையில் நின்ற நடுத்தர ஆரஞ்சு மெஷினில் நட்டே இல்லை. பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, வளைந்த கம்பி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கத்து நெம்புகோலை அழுத்தினாலும் மெஷின் அந்தப் பக்கம் தானே திரும்பவும் செய்தது.

"இஞ்சின் சத்தம் கேக்க வேணாமா?"

"வீட்டுக்குப் போய் தினமும் அதைத்தானே கேக்கப் போறேன்."

மெஷின் வீட்டுக்கு வந்தபோது ரெய்னோ ஜன்னலிலிருந்தே பார்த்தார். "பொம்மை வாங்கிட்டு வந்திருக்கா" என்றார். மெஷின் நிற்கிற கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஒரு காலத்தில் தெரு முழுக்கப் பனி தள்ளிக் கொடுத்த மனிதர், வலிக்கத்தான் செய்யும். ஹில்யாவுக்கும் அது வலித்தது.

ஜனவரியில் பெரும்புயல் ஒன்று அடித்து ஓய்ந்த காலையில் சுவர் அவள் மார்பளவு இருந்தது. ரெய்னோ காருக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின முறையும் புயலால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை, முகம் ஊதிக் கிடந்தது. இன்றைக்குப் போயே ஆக வேண்டும். ஹில்யாவின் மெஷின் பாதிச் சுவரைத் தின்றுவிட்டது. அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம். திருகு நின்றுவிட்டது.

அவள் பதறவில்லை. இஞ்சினை அணைத்துச் சாவியைப் பிடுங்கினாள். சட்டைப்பையிலிருந்து புதுப் பின்னை எடுத்தாள். கையுறையோடு செருகப் போனாள். பின் நழுவிப் பனிக்குள் போனது, போனதுதான். கடைத்தரையில் பனி இல்லை என்பது மெஷினைச் சோதித்த அன்று அவளுக்குத் தோன்றவில்லை. மற்றப் பின்கள் எங்கே என்று யோசித்தால், அவற்றை வாங்கிவந்த மகள் பெட்டியைக் காரிலிருந்து இறக்க மறந்து டவுனுக்கே கொண்டுபோய்விட்டாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் பனியைத் துழாவினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கார்க் கதவு திறந்தது. ரெய்னோ காரைப் பிடித்துக்கொண்டே மெல்ல வந்தார். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"போல்ட்டை எடுத்தே, கொன்னுடுவேன்" என்றாள் ஹில்யா.

அவர் கையை விரித்தார். வளைந்த கம்பியோடு, மெலிசான, முறியக்கூடிய பின்.

"எப்ப வாங்கினே?"

"நீ மெஷின் வாங்கின மறுநாளே டென்னிசுக்குப் போன் போட்டு வரவழைச்சேன். அன்னிலேருந்து பையிலதான் இருக்கு." அவர் சாவியை வாங்கிக்கொண்டார். "சாவியை நான் வச்சுக்கறேன், நீ பாத்து மாட்டு. ஹில்யா, பழசைக் கொன்னது நான்தான்."

"ஊருக்கே தெரியும். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே" என்றாள் அவள். கையுறையைக் கழற்றாமலே பின்னைச் செருகினாள்.